கேட்டால் அது அன்பில்லையா?

கடிதம் எழுதியவர் நாற்பதைத் தாண்டியவர். மணமானவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு இவருடைய தம்பிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. "தம்பி பிழைத்தால் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடுகிறேன்" என்று இவர் பொருத்தனை செய்தார். தம்பி பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த சில வாரங்களில், இவர் போகும் ஜெபக்குழுவை நடத்துகிற மூப்பர், "நீங்கள் தேவனிடம் பேரம் பேசினீர்கள். நிபந்தனையோடு நேசித்தீர்கள். அதனால்தான் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை" என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து, நிபந்தனையே இல்லாமல் தேவனை நேசித்துக் காட்டுவது என்று இவர் முடிவு செய்துவிட்டார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஆறு மணிவரை ஜெபம். அதில் எதையும் கேட்பதில்லை, துதி மட்டும்தான். "பிள்ளைக்குக் காய்ச்சல் குறைய வேண்டும்" என்பதுபோல ஒரு விண்ணப்பம் நடுவில் மனதில் வந்துவிட்டால், முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார். கணவன் மனைவி இருவர் சம்பளத்திலும் வாங்கிய நிலத்தை ஊழியத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வேலையையும் விட நினைக்கிறார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "என் பக்திக்கு அவள்தான் தடை" என்று எழுதுகிறார்.

இதற்கிடையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சில மாதங்களாக ஜெபத்தின் நடுவிலும், முக்கியமாகத் திருவிருந்து நேரத்திலும், தேவனைத் திட்டும் வார்த்தைகள் தாமாக மனதில் வந்து விழுகின்றன. பயந்துபோய், திருவிருந்தில் பங்குபெறுவதையே நிறுத்திவிட்டார்.

அவர் கேட்பவை: எதையாவது கேட்கிற அன்பு உண்மையான அன்பா? தேவனுக்காக மனைவியின் பேச்சைத் தள்ளலாமா? மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனா?

சகோதரரே,

முதலில் ஒரு வேண்டுகோள். நிலப் பத்திரத்திலோ ராஜினாமாக் கடிதத்திலோ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தம்பியும் பொருத்தனையும்

மூப்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அதற்குப் பிறகு செய்த எல்லாமே அந்த ஒரு பேச்சின்மேல்தான் நிற்கிறது. அந்தப் பேச்சோ வேதத்தோடு ஒத்துப்போகவில்லை.

யாக்கோபு பெத்தேலில் செய்த பொருத்தனையை ஆதியாகமம் 28இல் படித்துப் பாருங்கள். தேவன் என்னோடு இருந்து, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்து, என்னைச் சமாதானத்தோடு வீட்டுக்குத் திரும்பிவரப்பண்ணினால் கர்த்தர் எனக்குத் தேவனாயிருப்பார் என்கிறார். அத்தனையும் நிபந்தனை! அன்னாளும் ஆண்பிள்ளை தந்தால் அவனை உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்றுதான் அழுதாள். இருவரையும் "பேரம் பேசினீர்கள்" என்று யாரும் கண்டிக்கவில்லை. கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலின் அன்பில் குறை இருந்ததால் முள் தங்கிவிட்டது என்று உங்கள் மூப்பர் பிரசங்கம் செய்வாரா?

பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி புத்தகத்தில் வருவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். சரி. ஆனால் நீங்கள் சொன்னது "பிழைத்தால்" என்று. பிழைக்கவில்லை. அந்தப் பொருத்தனை உங்களைக் கட்டவில்லை. நிறைவேறாத ஒரு நிபந்தனைக்கு விலை கொடுத்தே தீர வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

யோவான் 11ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். சகோதரனைப் பறிகொடுத்த இரண்டு பெண்களும் இயேசுவிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். அதில் வருத்தம் இருக்கிறது, மனத்தாங்கலும் இருக்கிறது. இயேசு அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அழுதார். "லாசரு எழுந்து வந்தான், என் தம்பி வரவில்லையே" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் தம்பி ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியும் என்று சொல்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். யோபின் நண்பர்களுக்கும் காரணம் நன்றாகத் தெரிந்திருந்தது. கதையின் முடிவில் தேவனுடைய கோபம் மூண்டது அவர்கள்மேல்தான். புலம்பிய யோபின்மேல் அல்ல.

நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. இவ்வளவு நீளமான கடிதத்தில் தம்பியைப் பற்றி இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. நோயின் பெயர், இறந்த மாதம். அவர் எப்படிப்பட்டவர், சின்ன வயதில் இருவரும் என்ன செய்தீர்கள், அவர் இல்லாத வீடு எப்படி இருக்கிறது, எதுவும் இல்லை. மிச்சம் முழுக்க உங்கள் அன்பு போதுமா போதாதா என்ற கணக்கு. துக்கப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் சரியாகச் செய்யாததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைப்பதில் ஒரு கொடுமையான ஆறுதலும் உண்டு: அடுத்த முறை சரியாகச் செய்தால் எதுவும் கைவிட்டுப் போகாது என்று நம்பிக்கொள்ளலாம். துக்கத்தில் இருப்பவர்கள் பலர் இந்த வழியில் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நிபந்தனையற்ற அன்பு யாருடையது?

"நிபந்தனையற்ற அன்பு" என்பதைக் கிறிஸ்தவ விசுவாசம் முதலில் யாருடைய அன்பைப் பற்றிச் சொல்கிறது? தேவனுடைய அன்பைப் பற்றி. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. அவர் முந்தி நம்மில் அன்புகூர்ந்ததால் நாமும் அவரில் அன்புகூருகிறோம் என்கிறது யோவானின் முதல் நிருபம். வரிசை இதுதான். நம்முடைய அன்பு ஒரு பதில். அது வளரும், தளரும், சில காலம் வறண்டு கிடக்கும், மறுபடி துளிர்க்கும். நீங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். என் அன்பு களங்கமில்லாததாக இருந்தால்தான் அவர் என்னை ஏற்பார் என்று நினைக்கிறீர்கள். அதைவிடக் கடுமையான நிபந்தனை வேறு எது?

லூக்கா 15இல் வரும் மூத்த மகனை நினைத்துப் பாருங்கள். இத்தனை வருடம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒருபோதும் உம்முடைய கற்பனையை மீறவில்லை என்று தகப்பனிடம் கணக்குச் சொல்கிறான். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நீர் எனக்குத் தரவில்லை என்று குறைப்படுகிறான். அவன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்; "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது" என்கிறார் தகப்பன். கேட்காமலே உழைத்து, உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்த பிள்ளை அவன். கேட்பதை நிறுத்துவதால் அன்பு தூய்மையாகிவிடாது என்பதற்கு அவனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்ற கேள்வி யோபு புத்தகத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. பிரதிபலன் இல்லாமலா பக்தி என்ற சந்தேகம். நீங்கள் தினமும் மூன்று மணிக்கு எழுந்து உங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. அந்தப் புத்தகத்தில் அதை எழுப்புவது சாத்தான். தேவன் அல்ல. (உங்கள் மூப்பரைச் சாத்தான் என்று சொல்ல வரவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.) உன் அன்பை நிரூபித்துக் காட்டு என்று தேவன் யோபிடம் கேட்ட இடம் ஒன்றுகூட இல்லை.

சபை வரலாற்றில் இது பழைய விவாதம்தான். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த பெர்னார்டு, அன்பை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் மனிதன் தனக்காகத் தன்னையே நேசிக்கிறான். இரண்டாவதில் தன் நன்மைக்காகத் தேவனை நேசிக்கிறான். மூன்றாவதில் தேவனைத் தேவனுக்காகவே நேசிக்கிறான். நான்காவதில் தன்னையும்கூடத் தேவனுக்காகவே நேசிக்கிறான். இரண்டாம் படியில் நிற்பவனை அவர் போலி என்று விரட்டவில்லை. கஷ்டத்தில் கூப்பிட்டு, உதவி பெற்று, மறுபடி கூப்பிட்டு, அப்படியே பழகிப் பழகித்தான் மூன்றாம் படி வருகிறது என்கிறார். நான்காம் படியில் இந்த வாழ்க்கையில் நிலைத்து நிற்பது நடக்காத காரியம் என்றே அவர் நினைத்தார். தேவனிடம் கேட்பதை நிறுத்திவிட்ட ஒருவருக்கு மூன்றாம் படிக்குப் போகும் வழியே அடைபட்டுப்போகிறது.

இன்னும் தீவிரமாகப் போனவர்களும் உண்டு. பிரான்சில் பேராயர் ஃபெனலோன் 1697இல் எழுதிய நூலில், தன் ரட்சிப்பைப் பற்றிய அக்கறைகூட இல்லாத தூய அன்பைப் பற்றிப் பேசினார். ஆயர் பொசுயே அதைக் கடுமையாக எதிர்த்தார். 1699இல் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் அந்த நூலிலிருந்து 23 கருத்துகளைத் தவறென்று அறிவித்தார். ஃபெனலோனும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். அரசியலும் பகையும் கலந்த சண்டை அது, நான் முழுமனதோடு யார் பக்கமும் நிற்கமாட்டேன். ஆனால் அதன் மையத்தில் இருந்த கவலை நியாயமானது: நம்பிக்கையையும் எதிர்பார்ப்பையும் முழுதாகத் துடைத்துவிட்டால் மிஞ்சுவதை விசுவாசம் என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் பலன் கருதாத பக்தி என்பதே இல்லையா? இருக்கிறது. பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் என்பவர் 1691இல் இறந்தார். தனக்கு நரகம்தான் என்ற பயத்தில் அவர் நான்கு வருடம் தவித்திருக்கிறார். பிறகு ஒருநாள், நான் இங்கே வந்ததே தேவன்மேல் உள்ள அன்பினால்தான், எனக்கு என்ன நேர்ந்தாலும் சாகும்வரை அவர்மேல் உள்ள அன்புக்காகவே எல்லாவற்றையும் செய்வேன் என்று தீர்மானித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மனம் இலகுவாகிவிட்டது என்று சொன்னார். அந்தத் தீர்மானம் அவரைத் தன்னையே சோதித்துப் பார்ப்பதிலிருந்து விடுவித்தது. உங்களுடையது உங்களை அந்தச் சோதனைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளியிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், பலன் வேறு. இன்னொன்று, சமையலறை வேலை அவருக்கு இயல்பில் பிடிக்காத வேலை. அதையும் தேவன்மேல் உள்ள அன்புக்காகவே செய்தார்.

தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூவரும் என்ன சொன்னார்கள்? எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், தப்புவிப்பார். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். விடுதலை வேண்டும் என்ற ஆசையை அவர்கள் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. "ஆனாலும்" என்ற ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தம்பி போன பிறகும் நீங்கள் ஜெபத்தை விடவில்லையே, அந்த "ஆனாலும்" உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளையின் காய்ச்சலுக்காகத் தாராளமாகக் கேளுங்கள்.

மனைவியும் நிலமும்

மனைவியைத் "தடை" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். லூக்கா 14:26ஐ மட்டும் தனியாக எடுத்து, தகப்பனையும் தாயையும் மனைவியையும் வெறுத்தால்தான் சீஷன் என்று வாசிக்கிறீர்கள். இதே போதனையை மத்தேயு 10:37 தருகிறபோது, என்னைவிட அதிகமாய் நேசிக்கிறவன் என்று வருகிறது. எது முதலில் என்பதுதான் பேச்சு. அதைச் சொன்ன இயேசு, சிலுவையில் தொங்கும்போதுகூடத் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். தகப்பன் தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் "இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை" என்று தப்பித்துக்கொண்டவர்களை அவர் எவ்வளவு கடிந்துகொண்டார் என்பதை மாற்கு 7இல் பாருங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. தம்பதிகள் ஜெபத்துக்காக விலகியிருப்பதைக்கூட, இருவரும் சம்மதித்தால் மட்டும், அதுவும் சிலகாலத்துக்கு மட்டும் என்கிறார் பவுல். உங்கள் மூன்று மணி ஜெபத்துக்கு மனைவியின் சம்மதம் இருந்ததா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை.

ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்தாரே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டளை ஆபிரகாமுக்கு நேரடியாக வந்தது. இன்னொரு மனிதர் வந்து "தேவன் உன்னிடம் இதைக் கேட்கிறார்" என்று சொல்லவில்லை. அப்புறம், கத்தியை ஓங்கிய கையைத் தடுத்ததும் தேவனுடைய தூதர்தான். தேவனிடம் நிபந்தனையில்லாத அன்பு என்றால், அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிற எல்லாருக்கும் நிபந்தனையில்லாத கீழ்ப்படிதல் என்று அர்த்தமாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் விழுந்த குடும்பங்கள் உண்டு.

கொடுப்பதைப் பற்றி வேதம் தெளிவாகவே இருக்கிறது: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. பயமுறுத்துவதற்குப் பலர் எடுப்பது அனனியா, சப்பீராள் கதை. அதில் பேதுரு கேட்பதைக் கவனியுங்கள். விற்குமுன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்கிறார். அதாவது கொடுக்காமல் இருக்க அவனுக்கு முழு உரிமை இருந்தது. அவன் பொய் சொன்னதுதான் குற்றம். வேலையை விடுவதற்கும் இதே பதில்தான். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். நிலத்தில் மனைவியின் பெயரும் இருந்தால் அவருடைய பங்கை நீங்கள் கொடுக்க முடியாது. உங்கள் பெயரில் மட்டும் இருந்தாலும் அவர் போட்ட பணத்துக்கு என்ன உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஊழியத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்தில் ஒரு பெண், கன்னியர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து வறுமை விரதம் எடுத்து, தன் சொத்தையெல்லாம் அதன் தலைவியிடம் கொடுத்தார். பிறகு விலகி, சில வருடங்கள் கழித்து மிச்சத்தையாவது திருப்பிக் கேட்டார். 1887இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆன்மிகத் தலைமையின் தகாத செல்வாக்கில் அந்தக் கொடை நடந்தது என்று ஒத்துக்கொண்டது. ஆனாலும் அவர் கேட்கத் தாமதித்துவிட்டார் என்று சொல்லிச் சொத்து திரும்பவில்லை. அந்தத் தலைவி ஏமாற்றுக்காரர் அல்ல, நல்லெண்ணம் உள்ளவர்தான் என்றே நீதிபதிகள் நினைத்தார்கள். உங்கள் மூப்பரும் நல்லவராகவே இருக்கலாம். இது அவருடைய நேர்மையைப் பற்றிய பேச்சே அல்ல.

துக்கம் நடந்த முதல் ஒன்றிரண்டு வருடங்களில் திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. மூப்பரிடம் "ஒரு வருடம் கழித்து, மனைவியோடு உட்கார்ந்து பேசுவோம், ஊழியத்தின் வரவு செலவுக் கணக்கையும் அன்றைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அழைப்பு உண்மையானால் ஒரு வருடத்தில் கெட்டுப்போகாது. அவர் அவசரப்படுத்தினாலோ, மனைவியை விட்டுவிட்டு வரச் சொன்னாலோ, சாபத்தைப் பற்றிப் பேசினாலோ, அதிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

மனதில் வந்து விழும் வார்த்தைகள்

உங்களை அதிகம் வதைப்பது இதுதான் என்று நினைக்கிறேன், கடிதத்தின் கடைசியில் போட்டிருந்தாலும்.

மன்னிக்கப்படாத பாவத்தை நீங்கள் செய்யவில்லை. மாற்கு 3இல் இயேசு அதைச் சொன்னது, கண்முன் நடந்த நன்மையைப் பார்த்துவிட்டு, தெரிந்தே, "இது அசுத்த ஆவியின் வேலை" என்று அறிவித்தவர்களிடம். விரும்பாமல் வந்து விழுகிற வார்த்தைக்குப் பயந்து திருவிருந்தையே தவிர்க்கிற ஒருவர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். இதை ஒருமுறைதான் சொல்வேன். மறுபடி எழுதிக் கேட்டால் சொல்லமாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

நீங்கள் விவரிப்பவை, அதாவது விரும்பாத எண்ணம், அதனால் பயம், பயத்தைத் தணிக்க ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பது, தவிர்ப்பது, மற்றவர்களிடம் திரும்பத் திரும்ப உறுதி கேட்பது, இவை ஓசிடி எனப்படும் மனநோயின் ஒரு வகையோடு நன்றாகப் பொருந்துகின்றன. சிலருக்கு அது கை கழுவுவதில் வரும், சிலருக்குக் கதவுப் பூட்டில், பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியிலேயே வரும். எது உங்களுக்கு மிக அருமையானதோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். கடிதத்தை வைத்து நான் நோயை உறுதி செய்ய முடியாது, மனநல மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஆனால் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது.

இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதே கெட்ட மனதின் அடையாளம் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. 1978இல் ரேக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள், எந்த மனநோயும் இல்லாதவர்களை விசாரித்தபோது, அவர்களிலும் பெரும்பாலானோருக்கு விரும்பாத, அருவருப்பான எண்ணங்கள் வந்துபோவது தெரிந்தது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் அது போய்விடுகிறது. நீங்கள் அதோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். ஒரு எண்ணத்தை நினைக்கவே கூடாது என்று அடக்கினால் பிறகு அது இன்னும் அதிகமாக வரும் என்பதை 1987இல் வெக்னர் என்பவர் நடத்திய சோதனை காட்டியது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிச் செய்த சோதனை. நாத்திகருக்கும் இது இப்படித்தான் வேலை செய்யும்.

விசுவாசத்தில் பெரிய பெயர் எடுத்தவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். ஆங்கிலப் பிரசங்கி ஜான் பனியன் 1666இல் எழுதிய தன் வரலாற்றில், "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்ற எண்ணம் சாப்பாட்டு நேரத்தில்கூட விடாமல் துரத்தியதைச் சொல்கிறார். பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இக்னேசியஸ் 1522இல் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் நிம்மதி கிடைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போயிருக்கிறார். தேவன் பதில் தரும்வரை சாப்பிடமாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தபோது, பாவ அறிக்கை கேட்ட குரு என்ன செய்தார் தெரியுமா? முதலில் சாப்பிடு என்று கட்டளையிட்டார். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பியபோதும் முதலில் வந்தது உபதேசமல்ல. அடையும் தண்ணீரும் தூக்கமும்தான்.

சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. எண்ணம் வரும்போது அதை வரவிட்டு, பதிலுக்குச் செய்யும் சடங்கை மட்டும் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். உங்கள் விஷயத்தில், எண்ணம் வந்தாலும் ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பிக்காமல் தொடர்ந்துபோவது. நான் மறுபடி உறுதி சொல்லமாட்டேன் என்றதும் இதற்காகத்தான். ஒவ்வொரு உறுதிமொழியும் சில மணி நேரம் நிம்மதி தந்துவிட்டு அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடும். மருந்தும் தேவைப்படலாம். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று ஜெபக்குழுவில் யாராவது சொன்னால் விவாதம் வேண்டாம். செத்தால் தேவலை என்ற எண்ணம் எப்போதாவது வந்திருந்தால் நாளை என்று தள்ளாமல் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வறட்சியும் நோயும் ஒன்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 16ஆம் நூற்றாண்டின் சிலுவை யோவான் என்ற துறவி, ஆத்துமாவின் இருண்ட இரவை எழுதியபோதே, அது மனச்சோர்வு நோயிலிருந்து வேறு என்று பிரித்துப் பார்க்க அடையாளங்கள் தந்தார். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்றார். ஆகவே ஆவிக்குரிய போராட்டமா, மருத்துவமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போதைக்கு

மூன்று மணி ஜெபத்தை நிறுத்துங்கள். பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை, தூங்கச் சொல்கிறேன்; தூக்கம் கெட்டால் இந்த எண்ணங்கள் கூடும். பகலில் கால் மணி நேரம் போதும், கேட்க வேண்டியதைக் கேளுங்கள், நடுவில் என்ன எண்ணம் வந்தாலும் திரும்பப் போகாமல் முடித்துவிட்டு எழுந்திருங்கள். கோபமும் வந்தால் வரட்டும். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கவில்லையா? 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல். அதையும் சேர்த்துத்தான் ஜெபப் புத்தகமாக வைத்திருக்கிறோம்.

உங்கள் சபைப் போதகரிடம், அந்த மூப்பரிடம் அல்ல, ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திருவிருந்துக்குத் திரும்புங்கள். அந்த நேரத்தில் கெட்ட வார்த்தை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும் கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பலரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டே போகாமல் ஒரே ஒரு ஆவிக்குரிய வழிகாட்டியோடு நில்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். இந்த ஒன்றரை வருடமாக வீட்டில் அவர் பார்த்ததை அவர் வாயாலேயே சொல்லட்டும். நீங்கள் மறந்துவிட்ட, அல்லது சாதாரணம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிற பல விஷயங்கள் அதில் இருக்கும். மருத்துவருக்கு அதுதான் அதிகம் உதவும்.